லேமனுக்கு 12 நாள் முந்தி

பெங்களூரில் வீட்டு விலை ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துகொள்ள நான் பேப்பர் பார்ப்பதில்லை. வீடு விற்கிறவர்கள் எவ்வளவு மரியாதை தருகிறார்கள் என்று பார்த்தால் போதும்.

2008 ஆகஸ்டில், பெல்லந்தூர் ஏரிக்குப் பக்கத்தில் எழும்பப்போகும் ஓர் அடுக்குமாடியைப் பார்க்க நானும் மனைவியும் போனோம். தகரக் கொட்டகைக்கு ஏ.சி. போட்டு விற்பனை அலுவலகம் என்று பெயர் வைத்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் எங்களை உட்காரச் சொல்லவில்லை. “பட்ஜெட் எவ்ளோ?” என்றாள். சொன்னேன். உண்டியலில் செல்லாக் காசு போட்டவனைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்தாள். மிச்சமிருப்பது மூன்றே வீடு, நாளைக்கு வந்தால் அதுவும் இருக்காது என்றாள்.

2009 மார்ச்சில் அதே கொட்டகைக்கு மச்சினனுக்குத் துணையாகப் போனேன். அதே பெண் வாசல்வரை வந்து கார்க் கதவைத் திறந்துவிட்டாள். இளநீர் வந்தது. பாதாம் அல்வா வந்தது. குழந்தைக்கு என்று ஒரு பலூன் வந்தது. எங்களோடு குழந்தை யாரும் வராததால் மச்சினன் வாங்கிப் பிடித்துக்கொண்டான். மிச்சம் எத்தனை வீடு இருக்கிறது என்று கேட்டேன். “உங்களுக்கு எது புடிக்குதோ எடுத்துக்குங்க சார்” என்றாள்.

இரண்டு உபசரிப்புக்கும் நடுவில் ஏழு மாதம். அந்த ஏழில் முதல் மாதத்திலேயே நான் வாங்கி முடித்திருந்தேன்.

நான் செய்துகொண்டிருந்த வேலையைக் கேட்டால், இப்படி அவசரப்பட்டிருக்கக் கூடாது என்று உங்களுக்கே தோன்றும். நான் மென்பொருள் டெஸ்டர். அமெரிக்காவில் வீட்டுக் கடன் கொடுக்கும் ஒரு கம்பெனிக்காக எங்கள் ஆபீஸில் எழுதிய மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பது என் பிழைப்பு. அடுத்தவர் செய்ததில் குற்றம் கண்டுபிடித்தால் சம்பளம் தருகிறார்கள் என்று கல்யாணத்துக்கு முன்பு மாமியாரிடம் விளக்கினேன். “இதுக்கு நாலு வருஷம் இன்ஜினீயரிங் படிக்கணுமா?” என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார்.

2006இல் ஒரு நாள், கடன் விண்ணப்பத்தில் ‘மாத வருமானம்’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டுப் பார்த்தேன். கடன் பாஸாகிவிட்டது. பதறிப்போய், இருப்பதிலேயே கடுமையான சிவப்பில் பிழையைப் பதிவு செய்தேன். மறுநாள் காலை அமெரிக்காவிலிருந்து பதில் வந்திருந்தது: இது பிழை அல்ல, அப்படித்தான் வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். வருமானச் சான்றே கேட்காமல் கொடுக்கும் கடன் என்று அங்கே ஒரு வகை இருந்தது. அப்படிக் கொடுத்த கடன்களை மூட்டை கட்டி, மூட்டையின் மேல் நல்ல லேபிள் ஒட்டி, ஊர் ஊராக விற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதெல்லாம் எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. 1850இல் தொடங்கிய அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ், நான் காலியாக விட்ட அந்தக் கட்டத்துக்குள்தான் தவறி விழுந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. இன்னொரு முறை சிவப்பில் எழுதியிருக்கலாம்.

என்னிடம் கடன் விண்ணப்பத்தை நீட்டிய பெங்களூர்த் தனியார் வங்கிக்கு அந்தத் தாராளம் கிடையாது. மூன்று வருட ஃபாரம் 16, ஆறு மாத பாங்க் ஸ்டேட்மெண்ட், கல்யாணப் பத்திரிகை, கல்யாணம் நடந்ததற்குச் சான்று, ஆம்பூரில் அப்பா வீட்டு முகவரி என்று எல்லாம் கேட்டார்கள். வருமானக் கட்டத்தைக் காலியாக விட்டுப் பார்ப்போமா என்று ஒரு கணம் கை துறுதுறுத்தது. தொழில் பழக்கம்.

செப்டம்பர் 3, விநாயகர் சதுர்த்தி. அம்மா போனில் நாள் பார்த்துச் சொன்னாள். கொழுக்கட்டை சாப்பிட்டுவிட்டுப் போய் 2 லட்சத்துக்குக் காசோலை கொடுத்தேன். 1,180 சதுர அடி, இரண்டு படுக்கையறை, மூன்றாவது மாடி. ஏரி தெரியும் பக்கம் என்பதற்காகச் சதுர அடிக்கு 50 ரூபாய் கூடுதல். அந்த வகையில் மட்டும் 59,000 ரூபாய். விளம்பரத் தாளில் அந்த ஏரியில் இரண்டு அன்னப்பறவைகள் கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றன.

கடன் 30 லட்சம், வட்டி 11.5%, 20 வருடம், மாதம் 31,993 ரூபாய். என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அனுமதிக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே பென்சிலால் போட்டுப் பார்த்தாள். முதல் மாதத் தவணையில் வட்டிக்குப் போவது 28,750. அசலில் கழிவது 3,243. “மாசம் மூவாயிரத்துச் சொச்சத்துக்கு வீடு வாங்குறோம்” என்றாள். “மிச்சம் பாங்குக்கு வாடகை. முருகேஷ்பாளையத்துல இப்ப இருக்கிற வீட்டுக்குக் குடுக்குறது எட்டாயிரம்.” நான் வருமான வரிச் சலுகையைப் பற்றிப் பேசினேன். ஆண்கள் அந்த இடத்தில் அதைத்தான் பேசுவார்கள்.

அந்த வாரமே மாமனார் வேலூரிலிருந்து வந்தார். ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர். பட்டா, சிட்டா, அடங்கல் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தே போலியா அசலா என்று சொல்லக்கூடியவர். பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மாதிரி வீட்டுக்குள் நுழைந்தார். மாதிரி வீட்டில் அறைகளுக்குக் கதவே வைப்பதில்லை. கதவு திறக்க இடம் இல்லை என்பது அதனால் தெரியாது. அறையை அளந்தவர் கட்டிலையும் அளந்தார். ஐந்தரை அடி நீளம். படுத்துப் பார்த்தார்; கால் வெளியே நீண்டது. எழுந்து கணக்குப் போட்டார்.

“840 சதுர அடிதான் வருது. மிச்சம் 340 எங்கம்மா?”

“லிஃப்ட், படிக்கட்டு, காரிடார், கிளப் ஹவுஸ்ல உங்க பங்கு சார் அது.”

“அப்ப நாங்க லிஃப்ட்ல பாய் போட்டுப் படுத்துக்கலாமா?”

அந்தப் பெண் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள், மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வாளோ என்று பயமாக இருந்தது. வீட்டுக்குள் நடமாடும் பரப்பைக் கணக்கிட்டுத்தான் விற்க வேண்டும் என்ற ரெரா எனும் ரியல் எஸ்டேட் சட்ட விதி நடைமுறைக்கு வந்தது 2017 மே மாதம். நான் ஒன்பது வருடம் முந்தி.

நிலத்தில் எனக்கு என்ன உண்டு என்று அடுத்துக் கேட்டார். பிரிக்கப்படாத பங்கு 412 சதுர அடி என்றார்கள். “பிரிக்காத பங்குன்னா எங்க ஊர்ல அண்ணன் தம்பி கேஸு” என்றார் மாமனார். காத்தா என்ற சொத்து வரிப் பதிவு விவகாரத்தை அவருக்கு விளக்கியதுதான் பெரும்பாடு. பெங்களூரில் ஏ காத்தா உண்டு, பி காத்தா உண்டு. பி காத்தா என்றால், மாநகராட்சி வரி வாங்கிக்கொள்ளும், ரசீதும் தரும். ஆனால் அந்த வீடு முறைப்படி இருப்பதாக ஒப்புக்கொள்ளாது. 2007இல் சுற்றியிருந்த ஏழு நகராட்சிகளையும் நூற்றுச் சொச்சம் கிராமங்களையும் ஒரே வீச்சில் உள்ளே இழுத்துப் போட்டுத்தான் பெரிய பெங்களூரை உண்டாக்கினார்கள். பெல்லந்தூரும் அப்படி வந்ததுதான். கிராம நத்தமும் தோட்டமும் ராத்திரியோடு ராத்திரியாக மாநகரம் ஆனதில் பாதி வீடுகளுக்கு ஜாதகம் சரியில்லை. இதைச் சரிசெய்ய ‘அக்ரம சக்ரம’ என்று ஒரு திட்டம் இருக்கிறது என்றேன். மாமனார் காதில் கை வைத்து மறுபடி சொல்லச் சொன்னார். “அக்கிரமம்னு அவங்களே பேர் வச்சிருக்காங்களா?” என்று கேட்டுவிட்டு, கர்நாடக அரசின் நேர்மையைப் பாராட்டினார். அந்தத் திட்டத்துக்கு 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. எங்களுடையது ஏ காத்தா என்று கட்டுநர் சத்தியம் செய்தார். நம்பினேன், தெய்வாதீனமாக உண்மை.

செப்டம்பர் 15, திங்கட்கிழமை. லேமன் பிரதர்ஸ் திவால். காசோலை கொடுத்து 12 நாள்.

செவ்வாய்க்கிழமை மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு, நமக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்றார். அவர் அதைச் சொல்லியிருக்காவிட்டால் நான் பயந்திருக்க மாட்டேன். நவம்பரில் எங்கள் பிராஜெக்டை மூடினார்கள். பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பெஞ்ச் என்பது பெஞ்ச் அல்ல. நல்ல சுழல் நாற்காலிதான். அதில் உட்கார்ந்து, அமெரிக்காவில் கடன் கட்ட முடியாதவர்கள் வீட்டுச் சாவியை உறையில் போட்டு வங்கிக்குத் தபாலில் அனுப்பிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள் என்று படித்தேன். அங்கே சில மாநிலங்களில் வீட்டை விட்டுவிட்டால் வங்கி ஆளைத் துரத்தாதாம். வீட்டில் சொன்னேன். மாமனார் யோசித்தார். “நம்ம ஊர்ல சாவி அனுப்புனா, கூட ஆளையும் அனுப்புன்னுதான் பாங்க்ல கேப்பான்.” மனைவி இன்னும் எளிமையான சிக்கலைச் சுட்டிக்காட்டினாள். எங்களுக்குச் சாவியே கிடையாது. அப்போது எங்கள் மூன்றாவது மாடி இருக்க வேண்டிய உயரத்தில் பருந்துகள்தான் பறந்துகொண்டிருந்தன.

மச்சினன் கதைக்கு வருகிறேன். அவன் என்னைவிட எட்டு வயது சிறியவன். 2008இல் அவன் வீடு வாங்காததற்குக் காரணம் பொருளாதார அறிவு அல்ல, கையில் காசில்லை. ஆனால் 2009 மார்ச்சில் அவன் வாங்கியபோது குடும்பம் முழுக்க அதைத் தொலைநோக்கு என்று எழுதிவைத்துவிட்டது. என் வீட்டுக்கு நேர் மேலே, ஐந்தாவது மாடி.

விலை குறைந்திருந்ததா என்று கேட்பீர்கள். குறையவில்லை. சந்தை சரிந்தாலும் பெங்களூரில் கட்டுநர் பலகையில் எழுதிய விலையை அழிக்க மாட்டார். அழித்தால் என்னைப் போல முன்னால் வாங்கினவர்கள் வந்து கொட்டகையைச் சூழ்ந்துகொள்வார்கள். அதனால் விலை அப்படியே இருக்கும், வீட்டோடு சேர்ந்து வரும் சீர்வரிசைதான் கூடும். மச்சினனுக்கு கார் நிறுத்துமிடம் இலவசம். பத்திரச் செலவில் பாதி அவர்களுடையது. ஒரு தங்கக் காசு. ஏரி பார்க்கும் கட்டணம் தள்ளுபடி. எல்லாவற்றுக்கும் மேலாக மாடுலர் கிச்சன். போதாததற்கு, ஸ்டேட் வங்கி அந்தப் பிப்ரவரியில்தான் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு முதல் வருடம் 8% என்று அறிவித்திருந்தது.

“மாப்பிள்ளை, சமையல்கட்டே சும்மா குடுக்கறாங்களாமே, உங்களுக்கு என்ன குடுத்தாங்க?” என்று மாமியார் கேட்டார். அந்தக் கேள்வியை அவர் அடுத்த பதினைந்து வருடத்தில் இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு சஷ்டியப்தபூர்த்தி ஆகியவற்றில் கேட்டிருக்கிறார்.

இலவசச் சமையலறை வந்தது, வீடுதான் வரவில்லை. விற்பனை நின்றதும் கட்டுநரிடம் பணம் வற்றியது. 2010 டிசம்பர் என்று சொன்னது 2011 டிசம்பர் ஆனது. அதுவரை நான் வாடகையும் கட்டினேன், ப்ரீ-இ.எம்.ஐ. என்ற பெயரில் கட்டாத வீட்டுக்கு வட்டியும் கட்டினேன். மச்சினனின் மாடுலர் கிச்சன் அட்டைப்பெட்டிகளில் அவனுடைய வாடகை வீட்டு ஹாலில் ஒரு வருடம் இருந்தது. சோபா வாங்கும் செலவு மிச்சம். விருந்தாளிகள் அதன்மேல்தான் உட்காருவார்கள்.

இனி மிதக்கும் வட்டி. அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குப் பிடித்திருந்தது. மேலேயும் போகும், கீழேயும் வரும் என்று நம்பினேன். 2008 அக்டோபருக்கும் 2009 ஏப்ரலுக்கும் நடுவில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் ரெப்போ விகிதத்தை 9%இலிருந்து 4.75%க்கு இறக்கியது. என் வட்டி கால் சதவீதம் இறங்கியது. பிறகு 2010 மார்ச் தொடங்கி 2011 அக்டோபருக்குள் 13 தடவை ஏற்றினார்கள். ஒவ்வொரு ஏற்றமும் வழி தவறாமல் என் வீடு தேடி வந்தது. ஏறும்போது பட்டம்போல் ஏறியது. இறங்க வேண்டியபோது, மரக்கிளையில் மாட்டிக்கொண்ட பட்டம்போல் அங்கேயே நின்று படபடத்தது. வட்டி 12.5% ஆனபோது வங்கியிலிருந்து அன்பான கடிதம் வந்தது. உங்கள் சிரமத்தை உத்தேசித்து மாதத் தவணையை உயர்த்தவில்லை, காலத்தை மட்டும் கொஞ்சம் நீட்டியிருக்கிறோம். மனைவி பென்சிலை எடுத்தாள். 30 லட்சத்துக்கு 12.5% வட்டி என்றால், மாதம் 31,993 கட்டினால் கடன் தீர 363 மாதம். 20 வருடக் கடன் 30 வருடமும் மூன்று மாதமும் ஆகியிருந்தது. அந்த மூன்று மாதம்தான் எனக்கு மிகவும் உறுத்தியது.

அதே வங்கி புதிதாக வருகிறவர்களுக்கு 10.5%க்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. என் கிளைக்குப் போய், எனக்கும் அதைக் கொடுங்கள் என்றேன். நீங்கள் பழைய வாடிக்கையாளர், உங்களுக்குப் பொருந்தாது என்றார்கள். பழைய வாடிக்கையாளர் என்று சொல்லும்போது அவர்கள் குரலில் இருந்த பாசத்தைப் பார்க்க வேண்டும். சரி, வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்த அன்று சாயங்காலம் போன் வந்தது.

“ஏன் சார் போறீங்க? எங்ககிட்ட சொல்லியிருந்தா நாங்களே குறைச்சிருப்போமே.”

“மூணு வருஷமா சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன்.”

“குறைங்கன்னு சொன்னீங்க சார். போறேன்னு சொல்லலையே.”

கடன் மாற்றுவது வீடு மாற்றுவதைவிடக் கஷ்டம். மூலப் பத்திரம் பெங்களூரில் இல்லை, மும்பையில் ஏதோ கிடங்கில் இருக்கிறது என்றார்கள். என் வீட்டுப் பத்திரம் நான் பார்க்காத ஊரெல்லாம் பார்த்திருந்தது. புது வங்கி, சொத்தின் முப்பது வருடப் பூர்வீகத்தை மறுபடி ஆராய வக்கீல் வைத்தது. போய்ப் பார்த்தால், பழைய வங்கிக்கு ஆராய்ந்து கொடுத்த அதே வக்கீல். அதே பத்திரத்தைப் படித்து, அதே கருத்தை எழுதி, புதிதாக ஃபீஸ் வாங்கிக்கொண்டார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தொழில் பழக்கம் என்று சொன்னேனே. ஒரு காற்புள்ளி கூடியிருந்தது.

போனஸையும் மனைவியின் இரண்டு வளையல்களையும் போட்டு நிலுவையை 28 லட்சத்துக்குக் கொண்டுவந்து, 2012 ஏப்ரலில் பழைய கடனை முடித்தேன். முன்கூட்டி முடிக்கிற குற்றத்துக்கு அபராதம் 2%, அதாவது 56,000 ரூபாய். அதன்மேல் சேவை வரி. சேவை வரி மார்ச் 31 வரை 10.3%, ஏப்ரல் 1 முதல் 12.36%. அந்த வகையில் 6,922 ரூபாய். வட்டி இரண்டு சதவீதம் குறைந்ததில் முதல் வருடம் மிச்சமானது, அந்த அபராதத்துக்கே சரியாகப் போகும் என்று மனைவி கணக்குச் சொன்னாள். பரவாயில்லை, இரண்டாம் வருடத்திலிருந்து லாபம்தானே என்றேன்.

ஜூன் 5ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. மிதக்கும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் இனி அபராதம் வாங்கக் கூடாது. இரண்டு மாதத்துக்கும் குறைவு. மேல்மாடியிலிருந்து மச்சினன் இறங்கி வந்து பேப்பரை நீட்டி, “மாமா, உங்களுக்கு நல்ல சேதி” என்றான். அவனுக்கு ஏப்ரல் கதை தெரியாது. தெரியாது என்றுதான் நம்புகிறேன்.

ஏரி பார்க்கும் கட்டணத்துக்கு மட்டும் முழு மதிப்புக் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். 2015இல் பெல்லந்தூர் ஏரி பொங்கி, வெள்ளை வெளேரென்று நுரை சாலைக்கு வந்து பைக்கில் போனவர்கள் முகத்தில் அப்பியது. அன்னப்பறவை என்று படம் போட்டது இதைத்தான் போலிருக்கிறது. 2017 பிப்ரவரியில் ஏரி தீப்பிடித்து எரிந்தது. தண்ணீர் எப்படி எரியும் என்று அம்மா ஆம்பூரிலிருந்து போனில் கேட்டாள். மூன்றாவது மாடி பால்கனியில் நின்றுகொண்டு நேர்முக வர்ணனை கொடுத்தேன். ஐந்தாவது மாடியிலிருந்து இன்னும் நன்றாகத் தெரிந்ததாம். அதற்கு அவன் காசு கொடுக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இவ்வளவு தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்தும் குழாயில் தண்ணீர் கிடையாது. ‘காவிரி நீர் விரைவில்’ என்று 2008 விளம்பரத் தாளில் போட்டிருந்தது. 2016 செப்டம்பரில் காவிரிக்காக ஊரே பற்றி எரிந்தபோது நான் ஒரு வாரம் வெளியே தமிழ் பேசாமல் இருந்தேன். ஆம்பூர் உறவினர்கள், நீங்கள்தானே எங்கள் தண்ணீரைக் குடிக்கிறீர்கள் என்றார்கள். பெங்களூர் நண்பர்கள், நீங்கள்தானே எங்கள் தண்ணீரைக் கேட்கிறீர்கள் என்றார்கள். நான் குடித்ததும் குளித்ததும் டேங்கர் லாரித் தண்ணீர். 110 கிராமங்களுக்கான காவிரி ஐந்தாம் கட்டத்தைத் தொடங்கிவைத்தது 2024 அக்டோபரில். ‘விரைவில்’ என்பதற்கு 16 வருடம்.

2020 வந்தது. ஊரடங்கில் ஐ.டி. ஆட்கள் எல்லாரும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். வாசலுக்கு வாசல் வாடகைக்கு என்ற பலகை. பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கிக்கொண்டு, சைவமா அசைவமா என்று சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரித்த வீட்டுக்காரர்கள், இரண்டு மாத அட்வான்ஸ் போதும், மீன் வறுத்தாலும் பரவாயில்லை என்றார்கள். ரெப்போ 4%க்கு இறங்கியது. வீட்டுக் கடன் 7%க்கும் கீழே. நமது கொட்டகைப் பெண் இப்போது பெரிய அதிகாரி. அவளே போன் செய்து, உடல்நலம் விசாரித்தாள். சர்ஜாப்பூர் சாலையில் ஒரு மனை, பாதிப் பாதியாக வாங்கலாம் மாமா என்று மச்சினன் வந்தான்.

நான் அவனை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினேன். இனிமேல் யாரப்பா பெங்களூருக்கு வரப்போகிறார்கள்? எல்லாரும் ஆம்பூரில் திண்ணையில் உட்கார்ந்தே வேலை பார்ப்பார்கள். இந்த ஊரின் கதை முடிந்தது. லேமனைப் பார்த்தவன் சொல்கிறேன், கேள். அவன் மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டான். அடுத்த வாரம் தனியாகவே வாங்கிவிட்டான்.

2022இல் ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்ற ஆரம்பித்து பத்து மாதத்துக்குள் ரெப்போவை 4%இலிருந்து 6.5%க்குக் கொண்டுபோனபோது, கொஞ்சம் சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்கவில்லை. இடையில் செப்டம்பரில் கொட்டிய மழையில் பெல்லந்தூர், சர்ஜாப்பூர் பக்கமெல்லாம் மூழ்கியது. கோடிகள் கொடுத்து வில்லா வாங்கியவர்கள் டிராக்டர் மேல் நின்றுகொண்டு ஆபீஸ் போனார்கள். அந்த ஒரு வாரம் நான் தீர்க்கதரிசி. மாமியாரே போன் செய்து, “மாப்பிள்ளை அன்னிக்கே சொன்னாரு” என்று மகனிடம் சொன்னதாகச் சொன்னார். என் வாழ்க்கையின் உச்சம் அதுதான். தண்ணீர் வடிந்தது, விலை வடியவில்லை. எல்லாரும் ஊரிலிருந்து திரும்பி வந்தார்கள். 2023 ஏப்ரலில், பன்னிரண்டாம் வகுப்பில் 75% மார்க்தான் என்பதால் ஒருவருக்கு வீடு தர மறுத்த உரையாடல் சமூக வலைத்தளங்களில் ஊரெல்லாம் சுற்றியது. என் மார்க் 71. சொந்த வீட்டில் இருப்பதால் தப்பித்தேன். மச்சினனின் மனை என்ன விலைக்குப் போகிறது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை, அவனும் நாகரிகமாகச் சொல்லவில்லை, மாமியார் சொல்லிவிட்டார்.

கடனை முடிக்கும் நாள் வந்தது. பி.எஃப். பணத்தைக் கொஞ்சம் எடுத்து, 2023 அக்டோபர் 27, வெள்ளிக்கிழமை, மீதியை அடைத்தேன். மனைவி பாயசம் வைத்தாள். பத்திரம் ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றார்கள். நவம்பர் முழுக்கப் போய்க் கேட்டேன். மேனேஜர் லீவு, கிடங்கில் தேடுகிறார்கள், கூரியரில் இருக்கிறது. டிசம்பர் 13ஆம் தேதி கைக்கு வந்தது, 47ஆவது நாள். பத்திரத்தில் மும்பைக் கிடங்கின் வாசனை இன்னும் இருந்தது.

அந்தச் செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டிருந்தது எனக்குத் தெரியும். கடன் அடைந்து 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தராவிட்டால், தாமதத்துக்கு வங்கியின் மேல் தப்பு இருந்தால், ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும். 17 நாள் தாமதம். 85,000 ரூபாய். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விதி எனக்குச் சாதகமாக வந்திருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேனேஜர் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் கணினியைப் பார்த்தார். நாட்காட்டியைப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

“உங்களுக்கு டியூ டேட் நவம்பர் 26 சார். ரூல் டிசம்பர் 1ஆம் தேதியிலிருந்து டியூ ஆகிற கேஸுக்குத்தான்.”

ஐந்து நாள். சம்பளம் வந்த பிறகு கட்டலாமே என்று மனைவி சொன்னாள். நான்தான் வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்றேன். மச்சினன் 2024 ஜனவரியில் அவன் பிளாட் கடனை முடித்தான். பத்திரம் ஒன்பதே நாளில் வந்துவிட்டது. பயம்.

2025 ஆகஸ்ட் 26 அன்று அந்தப் பெண்ணிடமிருந்து மறுபடி போன். ஐ.டி. கம்பெனிகளில் ஆள்குறைப்பு என்று பேப்பரில் வந்துகொண்டிருந்தது. ரிசர்வ் வங்கி பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரெப்போவை ஒரு சதவீதம் குறைத்திருந்தது. அவள் குரலில் 2009ஆம் வருடத்து இளநீர்க் குளிர்ச்சி. “நாளைக்கு விநாயகர் சதுர்த்தி சார். நல்ல நாள். வீட்டு வாசலுக்கே கேப் அனுப்பறோம், மேடத்தையும் கூட்டிட்டு வாங்க.”

ராத்திரி மச்சினன் இறங்கி வந்தான். அவனுக்கும் அதே போன் வந்திருந்தது.

“என்ன மாமா செய்யப் போறீங்க?”

பதினேழு வருடமாக அவன் என்னிடம் இப்படிப் பணிவாக ஆலோசனை கேட்டதில்லை. நெகிழ்ந்துவிட்டேன். வேண்டாம், மார்க்கெட் இன்னும் இறங்கும், தை பிறக்கட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, கொழுக்கட்டைக்கு ஊறவைத்த அரிசியைக் காட்டிப் பேச்சை மாற்றினேன்.

ஆகஸ்ட் 31 முதல் கர்நாடகத்தில் பத்திரப் பதிவுக் கட்டணம் 1%இலிருந்து 2% ஆனது. பேப்பரை எடுத்துக்கொண்டு இந்த முறை நானே ஐந்தாவது மாடிக்கு ஏறினேன். பாவம், அவனுக்கும் ஒரு நஷ்டம், ஆறுதல் சொல்லலாம் என்றுதான். ஹாலில் புதுப் பத்திரத்தை விரித்து வைத்து மாமனாருக்கு வீடியோ காலில் காட்டிக்கொண்டிருந்தான். 29ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, பதிவு முடிந்துவிட்டது.

“என்னடா, நான் வேண்டாம்னு சொன்னேனே?”

“ஆமா மாமா, சொன்னீங்க” என்றான். “அதான்.”